திருப்புறம்பயமும் ஒரு காவல் நாயும்

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்திற்கு 35 கிலோமீட்டர். குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று வழிநெடுக ஊர்கள். திருமணத்திற்கும் துக்கத்திற்கும் நம்மவர்கள் நாள்தோறும் போய்வரும் பாதைதான். ஆனால் கும்பகோணத்திற்கு வடமேற்கே இன்னும் பத்து கிலோமீட்டர் சென்றால், மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே ஒரு பழைய போர்க்களம் கிடக்கிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்லூரியில் வரலாறு படித்த நாளிலிருந்தே அந்தத் திருப்புறம்பயத்தைக் காண வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது. அதற்கு வழி செய்து கொடுத்தது ஒரு நாய் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக் கூடும்.

எங்களுக்கு ஊர்ப்புறத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதைக் காத்து நின்றது செவலை என்ற நாய். அறுவடைக் காலத்தில் களத்து நெல்லைக் காவல் காக்கும். இரவில் மோட்டார்க் கொட்டகையின் வாசலில் படுத்துக் கிடக்கும். சென்ற ஆண்டு அந்த நிலத்தை விற்றுவிட்டோம். வாங்கியவர் நாய் வேண்டாம் என்றார். கொள்ளிடத்திற்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் என் மைத்துனர், “இங்கே கொண்டு வந்து விடுங்கள் மச்சான், பட்டிக்குக் காவல் தேவைப்படுகிறது” என்றார். சித்திரை மாதம், பள்ளி விடுமுறை. நான், மனைவி, மாமியார், மகன், மகள் ஆகிய ஐவரும் செவலையும் ஒரு வாடகை வேனில் புறப்பட்டோம். நாய் என்றதும் முதலில் பேசிய ஓட்டுநர் மறுத்துவிட்டார். அடுத்தவர், தாமும் வீட்டில் நாய் வளர்ப்பதாகக் கூறி வாடகையில் நூறு ரூபாய் குறைத்தார்!

மாமியார் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்; நாங்கள் ஹனஃபிகள். நாயின் உடல் ஈரமாக இருக்கும்போது பட்டாலும் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் கழுவ வேண்டும் என்பது ஷாஃபி சட்டம். ஹனஃபிகளிடம் நாயின் எச்சில் அசுத்தம். உலர்ந்த உடல் பட்டால் ஆடை அசுத்தமாகாது. மாலிக் இமாமோ நாயைச் சுத்தமான பிராணி என்றே கொண்டார்கள். மதரஸாவில் இதை ஒரு பாடமாக நடத்துவது எளிது. ஒரே வேனில் மூன்று மணி நேரம் அமர்ந்து செல்வது வேறு விஷயம். பின்புறம் சாமான் வைக்கும் இடத்தில் சாக்கு விரித்துச் செவலையைக் கட்டினோம். மாமியார் முன்னிருக்கையில், தொழுகைத் துணியை மடியில் பொதிந்து வைத்துக்கொண்டு அமர்ந்தார். ஒரு பையில் மண்ணும் எடுத்து வந்திருந்தார். அவரை யாரும் கேலி செய்யவில்லை, செய்யவும் கூடாது.

நாய் வளர்ப்பதே மார்க்கத்திற்கு மாறானது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அலங்காரத்திற்காக வீட்டினுள் வளர்ப்பதை நபிமொழி வெறுத்துரைக்கிறது என்பது உண்மையே. அதே நபிமொழி வேட்டை நாய்க்கும், மந்தை காக்கும் நாய்க்கும், பயிர் காக்கும் நாய்க்கும் விலக்கு அளிக்கிறது. வேட்டை நாய் பிடித்து வந்ததை உண்ணலாம் என்பதைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. குகைவாசிகளோடு சென்று வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த நாயைப் பதினெட்டாம் அத்தியாயம் நினைவுகூர்கிறது. செவலை பயிர் காத்த நாய். இனி மந்தை காக்கப் போகும் நாய்.

முற்பகல் பதினொரு மணி அளவில் திருப்புறம்பயத்தை அடைந்தோம். சாட்சிநாதர் கோயில் இங்கு புகழ்பெற்றது. நாங்கள் நாடி வந்தது ஊரின் ஒதுக்குப்புறத்தில், தோப்பின் நடுவே இருக்கும் சிறிய பள்ளிப்படைக் கோயிலை. மாண்ட மன்னனின் நினைவாக எழுப்பப்படுவது பள்ளிப்படை. இந்தப் பகுதிக்கு ‘உதிரம்’ என்ற சொல்லோடு தொடங்கும் பெயர் வழங்குவதே அங்கு நடந்ததைச் சொல்லிவிடும்.

கி.பி. 880ஆம் ஆண்டை ஒட்டி இவ்விடத்தில் பெரும் போர் நிகழ்ந்தது. ஒரு பக்கம் பாண்டியன் வரகுணவர்மன். எதிர்ப்பக்கம் பல்லவன் அபராஜிதன். அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதியும் சோழன் ஆதித்தனும். ஆதித்தனின் தந்தை விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றி அதிகக் காலம் ஆகாத நேரம் அது. சோழர் இன்னும் சிற்றரசர்தாம். போரில் பாண்டியன் தோற்றான். வென்ற பக்கத்துக் கங்க மன்னனோ களத்திலேயே உயிர் துறந்தான். அபராஜிதன் என்றால் வெல்லப்படாதவன் என்று பொருள். நண்பனின் அந்தப் பெயரை மெய்ப்பிக்கக் கங்கன் தன் உயிரைக் கொடுத்தான் என்ற கருத்துப்படப் பிற்காலத்து உதயேந்திரம் செப்பேடு பேசுகிறது. அவனுடைய பள்ளிப்படையே இது என்று கருதப்படுகிறது.

அடுத்து நடந்ததைக் கேட்டபோது என் மகன் திகைத்துப் போனான். சில ஆண்டுகளிலேயே, அன்று தோளோடு தோள் நின்ற ஆதித்தன் அதே அபராஜிதன் மீது படையெடுத்தான். யானை மீதிருந்த பல்லவனைப் பாய்ந்து கொன்றதாகக் கன்னியாகுமரிக் கல்வெட்டு கூறுகிறது. பல்லவர் ஆட்சி அதோடு முடிந்தது. “அப்படியென்றால் அந்தக் கங்க ராஜா யாருக்காக அத்தா செத்தார்?” என்று மகன் கேட்டான். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகியவன் நான். அப்போது சட்டென்று ஒன்றும் வாயில் வரவில்லை.

‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ எழுதிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் 1892இல் பிறந்தது இதே ஊரில்தான். தான் ஓடி விளையாடிய மண்ணையே ஒருவர் ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஆக்கிக்கொண்டது எவ்வளவு பெரிய பேறு! நம் மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கல்கியோ, ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் இந்தப் பள்ளிப்படையைச் சதிகாரர்கள் நள்ளிரவில் கூடும் இடமாக்கினார். மகளுக்கு அந்தக் கதை தெரியும். கதையில் படித்த காட்டைத் தேடிப் பார்த்து ஏமாந்தாள். இருந்தவை வாழை மரங்களும், தென்னையும், தூரத்தில் அறுத்த வயலில் கிடை போட்டிருந்த ஆடுகளும்தான்.

ஆட்டு வாடை பட்டதும் செவலை குரைக்கத் தொடங்கியது. வெயிலில் அதற்கு நாக்கு தொங்கியது. வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மகன் ஒரு கொட்டாங்கச்சியைத் தேடி எடுத்து, நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதில் ஊற்றி வைத்தான். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் முகந்து கொடுத்தவர் பாவமன்னிப்புப் பெற்ற நபிமொழியை மாமியாரே பிள்ளைகளுக்குச் சொன்னார்.

எனக்கு வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு, கி.பி. 630. மக்காவை நோக்கிப் பதினாயிரம் பேர் கொண்ட படை சென்றுகொண்டிருந்தது. வழியில், குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி ஒரு பெண் நாய் கிடந்தது. படையில் எவரும் அதைத் தொந்தரவு செய்துவிடாதபடி ஜுஐல் இப்னு சுராகா (ரலி) என்ற தோழரை அதனருகே காவலுக்கு நிறுத்தினார்கள் நபி (ஸல்) அவர்கள். வாகிதீ தம் போர் வரலாற்றில் இதைக் குறித்திருக்கிறார். ஹதீஸ் அறிஞர்கள் அவரை ஆதாரமாகக் கொள்ளத் தயங்குவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் போர் வரலாறுகள் பலவற்றைப் படித்த எனக்கு, நாய்க்காக ஒரு படைவீரரை நிறுத்திய செய்தி வேறெங்கும் கண்ணில் பட்டதில்லை.

பிற்பகலில் நீலத்தநல்லூர்ப் பாலத்தின் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்தோம். ஆறு முழுவதும் மணல். இதே கொள்ளிடக் கரையில், கும்பகோணத்தை அடுத்து, ஆங்கிலேயர் ஏடுகளில் அன்னக்குடி என்று வழங்கும் இடத்தில், 1782 பிப்ரவரி 18 அன்று கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படை திப்பு சுல்தானிடம் சரணடைந்தது. பிரெஞ்சு வீரர்களும் திப்புவுடன் இருந்தனர். பிடிபட்ட காயமுற்றோரைத் திப்பு பரிவோடு நடத்தியதை எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். நம் மேடைகளில் பெருமையோடு சொல்லப்படும் பகுதி இது. சொல்லாமல் விடும் பகுதியும் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு ஹைதர் அலியின் படை புகுந்து இந்தக் காவிரிச் சமவெளியைச் சூறையாடியது. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. நெல் விளைச்சல் படுபாதாளத்திற்குச் சென்றது. ‘ஐதர் கலாபம்’ என்று மக்கள் அதைத் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். உழவர்களுக்குக் கொள்ளையடித்தவர் யார் என்பது ஒரு பொருட்டல்ல. நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மகனுக்குப் பாலத்தின் மீதே சொன்னேன்.

மைத்துனரின் பட்டியில் ஆடுகள் முதலில் மிரண்டன. செவலை வேலியைச் சுற்றி ஒரு முறை நடந்து, மோந்து பார்த்து, வாசலுக்கு வந்து படுத்துக்கொண்டது. மகன் அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். கைகளை மண்ணிட்டுக் கழுவினான். மாமியார்தான் நீர் ஊற்றினார். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை அவரே எண்ணினார். அவன் அழுததை நாங்கள் யாரும் பார்க்காதது போல் இருந்துவிட்டோம். அஸர் தொழுதுவிட்டுத் திரும்பும்போது வேனின் பின்புறத்துச் சாக்கை மடிக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றான்.