படகுக்கு எந்த ரிமோட் வாங்குற, சேர்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்கு ரிமோட் படகு வாங்கிக் கொடுக்க அல்லது செய்து கொடுக்க நினைக்கும் வாப்பாமார், நானாமார், தோட்டத்து அண்ணன்மார் எல்லோரும் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள்.

எங்கள் விஞ்ஞானக் கழகப் பிள்ளைகள் படகு செய்யத் தொடங்கியதிலிருந்து பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சேர், ஆன்லைன்ல 10 சனல் ரிமோட் ஒன்னு இருக்கு. ஒரு கிலோமீட்டர் போகுமாம். அத எடுத்தா நல்லமா?"

நான் திருப்பிக் கேட்பது: எந்தத் தண்ணீரில் விடப்போகிறீர்கள்? படகுக்குள் ரிசீவரின் அன்டெனாவை எங்கே வைக்கப்போகிறீர்கள்?

பலருக்கு இது வினோதமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ரிமோட் கார் நடுவழியில் நின்றால் நடந்து போய் எடுத்து வரலாம். படகு நின்றால் அது நிற்பது தண்ணீரின் நடுவில். பிள்ளையின் மனதில் முதலில் வருவது "இறங்கி எடுப்போம்" என்பதுதான். பக்கத்து ஊரில் ஒரு மகன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கிவிட்டான். கரையில் நின்ற ஒருவர் பிடித்து இழுத்ததால் அல்ஹம்துலில்லாஹ் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் இரத்தினபுரி மாவட்டத்தில் பிள்ளைகள் படகு விடுவதற்குத் தேடிப் போகும் அமைதியான தண்ணீர் பெரும்பாலும் பழைய மாணிக்கக் குழிதான். அதற்குச் சரிவான கரை கிடையாது. ஓரம் செங்குத்து, அடியில் சேறு. மேலே பச்சையாக அமைதியாகத் தெரியும். எத்தனை முழம் ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் ரிமோட்டைப் பற்றி ஒரு பதிவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன வரலாறு. உலகத்துக்கு வானொலி அலையால் இயங்கும் ரிமோட்டைக் காட்டிய முதல் பொருள் காரும் இல்லை, விமானமும் இல்லை. படகுதான். 1898இல் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில், தொட்டித் தண்ணீரில் ஒரு சிறு படகைக் கம்பி எதுவும் இல்லாமல் ஓட்டிக் காட்டினார் நிக்கோலா டெஸ்லா. அதே ஆண்டு நவம்பர் 8இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது, இலக்கம் 613,809. மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரம் தாண்டிச் செய்தி அனுப்பியது அதற்கு மூன்று வருடங்களுக்குப் பிறகுதான்.

சரி, கடைக்குப் போவோம். புறக்கோட்டையிலோ இரத்தினபுரியிலோ வாங்கும் ரிமோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்: 27 மெகாஹேர்ட்ஸ், 40 மெகாஹேர்ட்ஸ் அல்லது 2.4 கிகாஹேர்ட்ஸ். இது மீடிறன். வகுப்பில் படித்த "வேகம் = மீடிறன் × அலைநீளம்" இங்கேதான் உதவும். 300ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் கிடைக்கும்.

27க்கு அலைநீளம் ஏறக்குறைய 11 மீற்றர். 40க்கு ஏழரை மீற்றர். 2.4 கிகாஹேர்ட்ஸ் என்றால் 2400 மெகாஹேர்ட்ஸ்; அதற்கு வெறும் 12.5 சென்ரிமீற்றர்தான். அன்டெனா நன்றாக வேலை செய்ய அலைநீளத்தின் கால்வாசி நீளம் போதும். அப்படியென்றால் 27க்கு 2.8 மீற்றர் கம்பி வேண்டும். சின்னப் படகில் அது எங்கே நிற்கும்? அதனால் கம்பியைக் குறைத்து, உள்ளே ஒரு சுருளைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். 2.4க்கோ 3.1 சென்ரிமீற்றர் போதும், ஒரு தீக்குச்சியை விடச் சிறியது.

27, 40 வகை விளையாட்டுப் படகுகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரே மீடிறனில் இரண்டு பிள்ளைகள் ரிமோட் பிடித்தால், ஒருவன் திருப்ப மற்றவனின் படகு திரும்பும். முன்பு மாதிரிப் படகுக் கழகங்களில் யார் எந்த மீடிறனில் ஓடுகிறார்கள் என்று பலகையில் அடையாளம் குத்தி வைப்பார்கள். 2.4 வகையில் ரிமோட்டும் ரிசீவரும் ஒருமுறை ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ளும். அதற்கு "பைண்ட்" பண்ணுவது என்று பெயர். பிறகு பக்கத்தில் பத்துப் பேர் ஓட்டினாலும் அது தன் ரிமோட்டுக்குத்தான் கீழ்ப்படியும். மோட்டாரின் தீப்பொறி இரைச்சலும் இதைக் குறைவாகவே பாதிக்கும். ஆகவே புதிதாக வாங்குபவர்களுக்கு என் பதில் 2.4தான்.

ஆனால் 2.4க்கு ஒரு பெரிய எதிரி இருக்கிறது. அதுதான் தண்ணீர்.

இந்த அலை தண்ணீருக்குள் சில சென்ரிமீற்றர் போவதற்குள் செத்துவிடும். மாதிரி நீர்மூழ்கிகளை ஓட்டுபவர்கள் இன்றும் 27, 40 போன்ற பழைய மீடிறன்களைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். அவை நன்னீரில் ஓரளவு ஆழம் போகும். (கடல் உப்புநீரில் அவையும் எடுபடாது.) மிதக்கும் படகிலும் ரிசீவரை அடித்தட்டில், நீர்மட்டத்துக்குக் கீழே ஒட்டிவிட்டால் நீர்மூழ்கியில் வைத்த கதைதான்.

அன்டெனாவை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் போதுமா? போதாது. ரிமோட்டிலிருந்து வரும் அலை நேராகவும் வரும், தண்ணீரில் பட்டுத் தெறித்தும் வரும். தட்டையான தண்ணீரில் தெறித்து வரும் அலை தலைகீழாகி, நேராக வந்ததை அழித்துவிடப் பார்க்கும். அன்டெனா தாழ்வாக இருக்க இருக்க அழிவு கூடும். கணக்குப்படி, அன்டெனாவின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கிடைக்கும் சக்தி நான்கு மடங்காகும். 5 சென்ரிமீற்றரில் இருந்ததை 20க்கு உயர்த்தினால் சக்தி 16 மடங்கு, ஓடும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெட்டியில் எழுதியிருக்கும் "ஒரு கிலோமீட்டர்" தண்ணீர் மேல் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

தரம் 9 மாணவன் ஒருவன் மிக அழகாக ஒரு படகு செய்தான். மேல்தட்டு முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி வெள்ளிபோல் மின்னியது. ரிசீவர் அந்தத் தட்டுக்குக் கீழே இருந்தது. பாடசாலை முற்றத்தில் மேசை மேல் வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரி. தண்ணீரில் விட்டதும் கொஞ்சத் தூரத்திலேயே தடுமாறியது. "சேர், வேற ரிமோட் வாங்கனும்" என்று முகம் வாடி நின்றான். வாப்பா கூலி வேலை. இன்னொரு ரிமோட் என்றால் அந்த வீட்டில் பெரிய சல்லி. நாங்கள் எதுவும் வாங்கவில்லை. அலுமினியத் தாளை உரித்தோம். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரோ ஒன்றைக் கொடிக்கம்பம் மாதிரி நிறுத்தி, அன்டெனாவை அதற்குள்ளே மேலே ஏற்றி, உச்சியைப் பசையால் அடைத்தோம். அதே ரிமோட், அதே பெட்டரி. அக்கரை வரை போய்த் திரும்பி வந்தது. அன்று அவன் சிரித்த சிரிப்பு!

அன்டெனா விசயத்தில் நினைவில் வைக்க வேண்டியவை:

• ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய வயரில் கடைசி 3.1 சென்ரிமீற்றர் மட்டும்தான் உண்மையான அன்டெனா. மீதி அதைக் கொண்டுபோகும் உறை போட்ட வயர். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டவோ, மடிக்கவோ, மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டவோ வேண்டாம்.

• அது செங்குத்தாக, நீர்மட்டத்துக்கு முடிந்தளவு மேலே நிற்க வேண்டும். மரம், பிளாஸ்ரிக், ரெஜிபோம் இவற்றுக்குள் அலை போகும். உலோகம், காபன் ஃபைபர், பெட்டரி இவை மறைக்கும்.

• ரிசீவரைச் சின்னச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளோ, ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டியோ ஈரம் படாமல் வையுங்கள்.

• கையிலுள்ள ரிமோட்டின் அன்டெனா நுனியைப் படகை நோக்கி நீட்டாதீர்கள். நுனிப் பக்கம்தான் அலை மிகக் குறைவு. நெஞ்சுயரத்தில் பிடியுங்கள், குந்தி இருந்து ஓட்டாதீர்கள். உங்களுக்கும் படகுக்கும் நடுவில் ஆட்கள் நிற்கவும் விடாதீர்கள். மனித உடம்பிலும் தண்ணீர்தானே இருக்கிறது.

இனி ரிமோட். படகுக்கு இரண்டு சனல் போதும். ஒன்று சுக்கான், மற்றது வேகம். விளக்கு, ஹோன், தண்ணீர் இறைக்கும் பம்பு வேண்டுமென்றால் மூன்றாவது. 10 சனலுக்குக் கொடுக்கும் சல்லியை நல்ல பெட்டரிக்குக் கொடுங்கள். துவக்கு மாதிரிப் பிடித்துச் சக்கரம் திருப்பும் வகை சின்னப் பிள்ளைகளுக்கு இலகு. விரலை எடுத்தால் வேகம் தானாக நடுவுக்கு வந்துவிடும். இரண்டு மோட்டார் போட்டுச் சுக்கான் இல்லாமல் திருப்ப நினைப்பவர்களுக்கு, சனல்களைக் கலக்கும் வசதியுள்ள இரண்டு குச்சி ரிமோட் நல்லது. ரிசீவரையும் அதே கம்பனியில், அதே முறைக்குரியதாகவே வாங்குங்கள். ஃபிளைஸ்கை ரிமோட்டோடு ஃபுடாபா ரிசீவர் பேசாது, இரண்டும் 2.4 என்றாலும்.

பெரிய வகுப்புத் தம்பிமார் ஃபோனில் புளூடூத் வைத்து ஓட்டப் பார்க்கிறார்கள். வகுப்பறை மேசைக்கு அது நல்ல செயற்றிட்டம். ஆனால் சாதாரண சின்னப் புளூடூத் மொடியூல் ஏறக்குறைய 10 மீற்றருக்கானது. தண்ணீருக்கு வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக ரிமோட் தருவிப்பவர்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்; அலை அனுப்பும் கருவிகள் அவர்களின் கட்டுப்பாட்டில் வருபவை.

வாங்கும்போது கடைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு சொல்: "ஃபெயில்சேஃப்". அலை அறுந்தால் படகு என்ன செய்யும் என்பதுதான் அது. மோட்டார் தானாக நிற்க வேண்டும். சில ரிசீவர்களில் இதை நாங்களே பதிய வேண்டும். பதியாவிட்டால் படகு கடைசியாகக் கிடைத்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: படகைக் கையில் தூக்கிப் பிடித்து, விசிறியில் விரல் படாமல், மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். ஓரிரு செக்கனில் நின்றால் சரி. நிற்காத படகு தண்ணீருக்குப் போகக் கூடாது. மற்ற நேரங்களில் ஒழுங்கு இதுதான்: போடும்போது முதலில் ரிமோட், பிறகு படகு, அணைக்கும்போது முதலில் படகு, பிறகு ரிமோட்.

இனி கடைசிப் பகுதி. இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எவ்வளவு நல்ல ரிமோட் என்றாலும் ஒரு நாள் படகு நடுவில் நிற்கும். பெட்டரி தீரும், விசிறியில் பாசி சுற்றும். ஆகவே காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில் நின்று ஓட்டுங்கள். நின்ற படகைக் காற்றே உங்களிடம் கொண்டுவரும். ஒரு டெனிஸ் பந்தைத் தூண்டில் நூலில் கட்டிக் கையில் வைத்திருங்கள். படகுக்கு அப்பால் எறிந்து மெதுவாக இழுத்தால் படகு நூலோடு வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பெரியவர் ஒருவர் இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம். சமனலவெவ போன்ற அகன்ற நீர்த்தேக்கங்களும் பழைய மாணிக்கக் குழிகளும் இந்த விளையாட்டுக்கு வேண்டவே வேண்டாம். முழங்காலளவு தண்ணீர் நிற்கும், அடி தெரிகிற இடம் போதும். சின்னப் படகுக்கு அதுவே சமுத்திரம்.

மாணிக்கத் தொழில் செய்யும் எங்கள் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். அகழ்ந்த குழியை மூட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை. மூடும்வரை நான்கு கம்பு நட்டு ஒரு கயிறாவது கட்டிவிடுங்கள்.

ரிமோட் வாங்க முன் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், அல்லது பாடசாலை விட்ட பிறகு படகைக் கொண்டு வாருங்கள். அன்டெனாவை எங்கே வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம். ஸ்ட்ரோ என்னிடம் நிறைய இருக்கிறது.