கேத்தலில் பிடித்த கல்

மாமி வீட்டுக் கேத்தலின் அடியில் நகக் கனத்துக்கு வெள்ளைக் கல் பிடித்திருக்கும். பள்ளி விடுமுறைக்கு வவுனியா போனால் அதைக் கரண்டிக் காம்பால் பெயர்ப்பது என் வேலை. கிணற்றுத் தண்ணீர் அப்படி. செதிலைக் கையில் எடுத்து, "இதுதான் எங்கட வயித்துக்குள்ளயும் போகுது" என்பார் மாமி. மாமா சிரிப்பார். விடிய வயலுக்கு இறங்கினால் மத்தியானம்வரை அவருக்கு ஒரு போத்தல் தண்ணீர்தான். அதிலும் பாதி திரும்பி வரும்.

எங்கள் ஊரில் நோயை வருத்தம் என்றுதான் சொல்வோம். 'கிட்னி வருத்தம்' என்ற சொல் எப்போது வீட்டுக்குள் வந்ததென்று நினைவில்லை. 1990களில் பதவிய, மதவாச்சிப் பக்கத்து விவசாயிகளுக்கு வரத் தொடங்கியது. சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை, சிறுநீரகம் மட்டும் சுருங்கிப்போகும். மருத்துவர்கள் வைத்த பெயர் சி.கே.டி.யூ. கடைசியில் தொங்கும் அந்த 'யூ' என்ன தெரியுமா? காரணம் தெரியாது என்பதற்கான எழுத்து. தெரியாமையையே பெயரில் சேர்த்துக்கொண்டது ஒருவகையில் நேர்மைதான்.

படிக்கிற காலத்தில் அந்த வருத்தம் வந்த சிறுநீரகத்தின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தேன். யாரோ ஒரு விவசாயியுடையது. சாயமேற்றிய கண்ணாடியில் நார்த்திசு நீலமாகத் தெரியும். நுண்குழாய்கள் வற்றிக் கிடக்க, அவற்றின் இடைவெளியெல்லாம் நீலம். இரத்தத்தை வடிகட்டும் கலன்கோளங்கள் சில இறுகிவிட்டிருந்தன, சில சும்மா இருந்தன. எதிர்ப்புப் புரதங்கள் படிந்திருந்தால் ஒளிரவேண்டிய இன்னொரு வில்லை இருட்டாகவே கிடந்தது. "காரணம் என்ன சேர்?" என்றேன். "இது ஆறின தழும்பு, தம்பி. கல்லால வந்ததோ கத்தியால வந்ததோ எண்டு தழும்பிட்டக் கேளாதையும்."

கேட்காமலா விட்டார்கள்? புளோரைட்டு, கட்மியம், ஆசனிக்கு, தண்ணீரின் கடினத்தன்மை, பூச்சிமருந்து, அலுமினியச் சட்டி, வெயில் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். 2015இல் இலங்கையில் கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தடைகூடச் செய்தார்கள். நிக்கராகுவாவின் சிச்சிகல்பாவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே வருத்தம். ஆண்கள் செத்துச் செத்து, அங்கே ஓர் ஊருக்கு விதவைகளின் தீவு என்றே பெயர் விழுந்துவிட்டது. அங்கே வெயிலையும் வியர்வையையும்தான் அதிகம் சந்தேகிக்கிறார்கள். மாமாவின் பாதிப் போத்தல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஐரோப்பாவில் தன்யூப் ஆற்றுப் பக்கத்துக் கிராமங்களிலும் இப்படி ஒன்று இருந்தது. ஓர் ஊருக்கு வரும், அடுத்த ஊருக்கு வராது. 1950களில் எழுதிவைத்த புதிருக்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்துத்தான் வலுவான விடை வந்தது. கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோக்கியாவின் விதை மாவோடு அரைபட்டு ரொட்டியில் போயிருக்கிறது. அதற்குத் துப்புக் கொடுத்தது திசு மட்டுமல்ல. பெல்ஜியத்தில் மெலிவதற்கு மூலிகை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகமும் அதே மாதிரி கெட்டுப்போனது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்ததும்தான்.

அந்தச் செடியின் படத்தைப் புத்தகத்தில் பார்த்ததும் அம்மம்மாவின் வேலியோரம் கண்ணில் வந்தது. அங்கே முளைத்த ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம். ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே சொல்லிவைத்திருந்தும், வயிற்றுப் பூச்சிக்கு அதை அரைத்துத் தந்திருக்கிறார். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்திருக்கிறேன்.

மாமாவுக்குக் காலும் வீங்கவில்லை, நோவும் இல்லை. ஊருக்கு வந்த முகாமில் இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கிரியாட்டினின் ஏறியிருந்தது. "எனக்கொண்டுமில்லை" என்று அந்தப் போகமும் விதைத்தார்.

இப்போது கிழமைக்கு இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்பு. வடிகட்டிய தண்ணீர் கானில் வருகிறது. கேத்தலில் கல் பிடிப்பதில்லை. போனமுறை போனபோது மாமி தேத்தண்ணியை அளவுச் சிரட்டையால் அளந்து ஊற்றினார். நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாமென்று சொல்லியிருக்கிறார்களாம். மாமா குடித்து முடித்துவிட்டு மூடியைத் திறந்து கேத்தலுக்குள் பார்த்தார்.

"இன்னும் கிடக்கு" என்றார்.

மாமி கேத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.