முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள்

திருவொற்றியூரில் புல்லட் வண்டி தயாராகத் தொடங்கியது 1956-ல். அதன் பெட்ரோல் டேங்க்கில் ஓடும் தங்க நிறக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை ஸ்டிக்கர் என்று நினைக்கிறார்கள். அது கையால் போட்ட கோடு. மெல்லிய தூரிகையில் பெயின்ட்டைத் தோய்த்து, டேங்க் வளைகிற பக்கம் கையும் வளைந்து, ஒரே இழுப்பில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் கை நின்றால் நின்ற இடம் தடித்துத் தெரியும். அப்பாவுக்குப் பிறகு பிள்ளைகள் என்று ஒரே குடும்பத்தார் இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறார்கள்.

எங்கள் வடசென்னைப் பக்கத்தில் ஓவியம் என்பது இப்படித்தான் இருந்தது. வண்டி டேங்க்கில், படகின் முகப்பில், லாரியின் பின்பலகையில், தேர்தல் சுவரில், விம்கோ கம்பெனியின் கப்பல் மார்க் தீப்பெட்டியில். வரைந்தவர்கள் யாரும் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ராயபுரத்துப் பிள்ளைகளுக்குச் சாயம்கூட இலவசமாகக் கிடைத்தது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும் வரை, ஜன்னல் கம்பியை ஒரு தடவு தடவினால் போதும், விரலில் கரி ஒட்டும். எதிர்ச் சுவரில் பூனையோ யானையோ உருவாகிவிடும். இத்தனை கோடுகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கையில் நோட்டையும் பேனாவையும் கொடுத்து, "தினம் ஏதாவது வரைந்து வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்!" என்பார்.

அந்த 'நமக்கு' என்கிற சொல்லில்தான் சங்கதி இருக்கிறது. கை வராது என்பது சாக்கு. வரைவது எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள் வேலை, கண்காட்சி வைப்பவர்கள் வேலை, நாம் அதில் கைவைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற கூச்சம். சிரிக்கப்போகிற அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் சொல்லத் தெரியாது.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை நின்று எண்ணுவது வேலை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. வாழ்நாளில் நான் போட்ட கோடுகளை நீட்டி வைத்தால் எண்ணூர் வரை போகும். ஓய்வுக்குப் பிறகு ஒரு பட நோட்டு வைத்துக்கொண்டேன். அன்று பார்த்ததை ஒரு பக்கத்தில் வரைவது, பக்கத்திலேயே இரண்டு வரி எழுதுவது, பஸ் டிக்கெட்டோ தீப்பெட்டி மேல்தாளோ கிடைத்தால் ஒட்டுவது. இதற்கு இப்போது பெரிய பெயர்கள் இருக்கின்றன. வகுப்பு எடுக்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். போகிறவர்கள் போகட்டும். வகுப்பில் சேர்ந்தால்தான் தொடங்க முடியும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதில் ஒரு வகை என்பது என் எண்ணம்.

ரவீந்திரநாத் தாகூர் படம் வரைய வந்த விதம் எனக்குப் பிடிக்கும். கவிதைக் கையெழுத்துப் பிரதியில் அடித்த சொற்களை அசிங்கமாக விட மனமில்லாமல், அடித்த கோடுகளை இணைத்து இணைத்து ஏதோ பறவை, ஏதோ மிருகம் என்று ஆக்கிக்கொண்டிருந்தார். 1924-ல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் இருந்த அந்தக் கிறுக்கல்களைப் பார்த்து வியந்தவர் விக்டோரியா ஒகாம்போ. அவருடைய உதவியோடு 1930-ல் பாரீஸில் முதல் கண்காட்சி நடந்தபோது தாகூருக்கு வயது அறுபத்தொன்பது. நோபல் பரிசு வாங்கிய கவிஞர், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தனக்குப் பயிற்சி இல்லாத ஒரு வேலையில் இறங்கியிருக்கிறார். சிரிப்பதற்கு அவருக்கு நாலு பேர் அல்ல, நாலு கண்டம் இருந்தது.

இன்னொருவர் நம் ஊரிலேயே வாழ்ந்தவர், மனோகர் தேவதாஸ். மதுரைக்காரர், 1936-ல் பிறந்தவர். சென்னையில் பேட்டரி கம்பெனி ஒன்றில் ரசாயனத் துறையில் வேலை. விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனது. 1972-ல் நடந்த கார் விபத்தில் மனைவி மகிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. இவ்வளவுக்கும் நடுவே, மையும் பேனாவுமாக மதுரைக் கோபுரத்தையும் தெருக்களையும் நுணுக்கி நுணுக்கி வரைந்தார். 2020-ல் பத்மஸ்ரீ, 2022 டிசம்பரில் மறைவு. அவர் வரைந்த மதுரைப் படங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. கையில் கிடைத்தால் சும்மா புரட்டாமல் ஒரு படத்தில் ஒரு சுவரை மட்டும் உற்றுப் பாருங்கள்.

"அவங்கெல்லாம் பெரிய ஆளுங்க" என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். சரி, உங்கள் வீட்டுக்கே வருகிறேன். உங்கள் அம்மாவோ பாட்டியோ வைத்திருந்த கோல நோட்டை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பழைய கணக்கு நோட்டு, என் மனைவியுடையது. ஒரு பக்கத்தில் '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி' என்று எழுதி அதன் கீழே கோலம். ஓரத்தில் 'மூணாவது வீட்டு அக்கா கொடுத்தது.' இன்னொரு பக்கத்தில் வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த தேர்க் கோலம், சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. தப்பாகப் போன கோலத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி, பக்கத்திலேயே மறுபடியும் அதே கோலம், இந்த முறை சரியாக. நடுவில் ஒரு பக்கத்தில் பால்கணக்கு. அட்டைக்குள் 'பொங்கல் அன்று வண்ணம்: பச்சை போதவில்லை' என்று ஒரு குறிப்பு.

வரைபடம், ஒட்டியது, எழுதியது, பிழை, திருத்தம், அன்றைய வாழ்க்கை எல்லாம் ஒரே நோட்டில். ஒரு தலைமுறைப் பெண்கள் இதை வைத்திருந்தார்கள். எந்தப் பெண்ணும் "எனக்கு வரையத் தெரியாதே" என்று நோட்டைத் தள்ளிவைத்ததாக நான் கேட்டதில்லை. காரணம் எளிது. நாளைக் காலையில் வாசலில் போடுவதற்காக இருந்த நோட்டு அது. அழகாக இருக்கிறதா என்று யாரும் நோட்டைக் கேட்கவில்லை. உதவுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். ஆண்கள்தான் இந்த விஷயத்தில் பின்தங்கிவிட்டோம் என்று தோன்றுகிறது.

ஆகவே விலை உயர்ந்த நோட்டு வாங்காதீர்கள். வாங்கினால் பீரோவுக்குள்தான் போகும். "நல்லா வர ஆரம்பிச்சதும் இதில் வரையலாம்" என்று அது அங்கேயே மஞ்சளாகும். பேரப் பிள்ளையின் பாதி எழுதிய ரஃப் நோட்டு போதும். முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து தொடங்குங்கள். பென்சில் வேண்டாம், அழிப்பான் கூடவே வரும். பால்பாயின்ட் பேனா எடுங்கள். நீர்வண்ணத்தின் மேல் ஆசை இருந்தால் ஒன்று: நாம் கடலோரத்தில் இருக்கிறோம், ஐப்பசி கார்த்திகையில் தாள் நமுத்து நெளிந்துபோகும், வண்ணம் காய ஒரு ராத்திரி ஆகும். நோட்டை மூடாமல் ஃபேனுக்குக் கீழே வையுங்கள்.

வெறும் தாளைப் பார்த்தால் வரும் பயத்துக்கு டாலி வேலையில் ஒரு வழி இருந்தது. மூட்டை இறங்குவதற்கு முன்பே தாளில் கப்பல் பெயர், ஹேட்ச் எண், தேதி, ஷிப்ட் எல்லாவற்றையும் எழுதிவிடுவோம். அதையே இங்கேயும் செய்கிறேன். மேலே தேதி, மணி, இடம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது வரை எழுதிவிட்டால் அது வெற்றுத் தாள் இல்லை. பாதி வேலை முடிந்த தாள். இடத்தில் நேரில் உட்கார்ந்து வரைவது, தேதியும் இடமும் குறிப்பது என்கிற இதே பழக்கத்தை வைத்துத்தான் 2007-ல் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியேல் காம்பனாரியோ நகர்வரைவோர் குழுவைத் தொடங்கினார். இன்று அது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

முதல் படத்துக்கு ராயபுரம் ரயில் நிலையம் வேண்டாம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம்தான், அழகான தூண்கள்தான். ஆனால் தூண் வரிசை புதியவரைக் கொன்றுவிடும். டீக்கடைக் கண்ணாடி கிளாஸிலிருந்து தொடங்குங்கள். உற்றுப் பார்த்தால் அதன் அடியில் ஒரு தடித்த வட்டம், பக்கத்தில் பட்டை பட்டையாகச் சரிவு, டீ குடித்து இறங்கிய இடத்தில் நுரை விட்டுப்போன கோடு. ஐம்பது வருடமாக அதே கிளாஸில் குடித்திருப்பீர்கள். எத்தனை பட்டை என்று இப்போது சொல்லுங்கள்.

"போன்ல போட்டோ எடுத்தா முடிஞ்சுது" என்று பேரன் சொல்கிறான். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நானும் பார்க்கப் போனேன். ஃபைபர் படகுகளின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்துக்குக் கறுப்புப் பட்டை. வலைகள் தார் பூசியதுபோல் ஒட்டிக் கிடந்தன. கூழைக்கடாக்களின் இறகில்கூட எண்ணெய். உட்கார்ந்து ஒரு படகை வரைந்தபோதுதான் கவனித்தேன்: அந்தக் கறுப்புப் பட்டை ஒன்றல்ல, மூன்று. தண்ணீர் ஏறி இறங்கி ஏறியதை மூன்று தடவை எழுதி வைத்திருந்தது. போட்டோ எடுத்திருந்தால் 'கறுப்பு' என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். தினம் பார்த்தாலும் இதே கதைதான். 1970-லிருந்து ஓடிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதன் புகையை நாள் தவறாமல் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அது எப்படி இருந்தது என்று அவர்களை வரையச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு மாதிரி வரைவார்கள்.

கூச்சம் போன பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு இன்னும் போகவில்லை. யாராவது பின்னால் வந்து நின்றால் பேனா மெதுவாகும், அதோடு வரைகிறேன்.

வெளியே வரையப் பழகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நல்ல இடம், அதற்கென்று ஒரு பருவமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அசையாமல் நிற்கும். சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். ஓடுகிற பொருளைத் துரத்தி வரைய வேண்டிய அவசியம் இல்லை. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. தலைக்குத் துண்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோங்கள். கேட்டுக்கொண்டு உட்காருங்கள். "இன்னா பெருசு, படமா?" என்பார்கள், எட்டிப் பார்ப்பார்கள். உங்கள் கோடு கோணலாக இருப்பதை அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள். படகின் பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் பிழையில்லாமல் எழுதிவிடுங்கள். அதில் ஓர் எழுத்து தப்பினால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.