சத்புரா அடிவாரத்தில் இரண்டு இரவுகள்

நாகபுரி, இட்டார்சி, ஜபல்பூர் முதலிய ஊர்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பச்மரி புதிய ஊரன்று. கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த அம்மலை நகரையும், அதனருகே 1350 மீட்டர் உயர்ந்து நிற்கும் தூப்கர் சிகரத்தையும், மகாதேவர் குகையையும் பார்த்து வராதோர் நம்மில் சிலரே. ஆயினும் பிபரியா நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்குவோர் பேருந்தோ ஜீப்போ பிடித்து ஒரே மூச்சில் மலையேறி விடுகின்றனர். வழியில் மட்குலி என்றொரு சிற்றூர் இருப்பதையும், தேன்வா ஆறு அப்பக்கமாக ஓடுவதையும், சாலையோரத்து மாமரங்கள் எத்துணைப் பெரியவை என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை.

சென்ற ஐப்பசி மாத விடுமுறையில் நாங்கள் மூன்று குடும்பத்தினர் அங்கே ஒரு மாந்தோப்பில் இரண்டு இரவுகள் தங்கினோம். அறை வாடகைக்கு அஞ்சித் தங்கினோம் என்று சிலர் கேலி செய்தனர். அதிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் உண்மையான காரணம் பிள்ளைகள். குவார்ட்டர்ஸ் சுவர்களுக்குள் வளரும் அவர்களுக்கு மரத்தடியில் படுத்து வானத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏது? வன எல்லைக்குள் அனுமதியின்றித் தங்குவது சட்ட விரோதம். சிறுத்தையும் கரடியும் நடமாடும் நாட்டில் அது புத்திசாலித்தனமும் அன்று. ஆகவே ஊரையொட்டிய தனியார் தோப்பை, உரியவரின் இசைவு பெற்று, தேர்ந்தெடுத்தோம். தோப்பில் ஓர் ஓட்டு வீடும் கிணறும் இருந்தன.

படுக்கைக்கு நாங்கள் கொண்டு சென்றவை ஹேமக் என்னும் தொங்கு படுக்கைகள். பெயர்தான் புதிது, பொருள் நம் வீட்டுத் தூளியே. பழம்புடவையில் குழந்தைக்குக் கட்டுவதை நைலான் துணியில் பெரியவர்களுக்கும் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டு முதல் பதினைந்து அடி இடைவெளியுள்ள இரண்டு பருத்த மரங்கள் வேண்டும். மெல்லிய கயிறு பட்டையை அறுக்குமாதலால் அகன்ற நாடாவால் கட்டுதல் நலம். உட்கார்ந்தால் நாற்காலி உயரம் இருக்க வேண்டும். ஐப்பசியில் பின்னிரவுக் குளிர் மேலிருந்து வருவதைவிட முதுகுக்குக் கீழிருந்தே மிகுதியாக வரும். ஆகையால் ஒரு கம்பளியை அடியில் விரித்துக்கொள்ளல் அவசியம்.

நிற்க. நாங்கள் போய் இறங்கிய பிற்பகலிலேயே பிரச்சினை எழுந்தது. தோப்பில் மிகப் பொருத்தமான இரு மரங்களுக்கு நடுவே ஒரு வலை. ஓரடி ஈரடி வலையன்று; ஓர் ஆள் கைகளை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். வெயில் பட்ட இடங்களில் அதன் இழைகள் பொன் நிறமாக மின்னின. நடுவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு சிலந்தி. கால்களையும் சேர்த்தால் நம் உள்ளங்கையைவிடப் பெரிது. பெண் பிள்ளைகள் இருவர் அலறினர். பையன்களில் ஒருவன் கழியைத் தேடினான். எங்களுடன் வந்திருந்த நண்பரின் தாயார், "தம்பி, எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்தாலே உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பும். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே படுக்கட்டும்" என்று தீர்ப்பளித்து விட்டார். அவர் சொல்லை மீற எவருக்கும் துணிவில்லை. இரண்டு நாள் பிரயாணத்தின் நோக்கமே அந்த ஒரு வலையில் சிக்கிக்கொண்டது.

தோப்புக் காவலர் வயது முதிர்ந்தவர். கழியேந்திய பையனைப் பார்த்துச் சிரித்தார். "பாபுஜி, அது தன் இடத்தைவிட்டு நகராது. உங்கள் படுக்கைக்குத்தான் நகர முடியும்" என்று இந்தியில் கூறி, பத்தடி தள்ளி வேறு இரு மரங்களைக் காட்டினார். எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

இச்சிலந்தியைப் பெருங்காட்டுச் சிலந்தி எனலாம். மழைக்காலம் முடிந்து பனிக்காலம் தொடங்கும் வரை மத்திய இந்தியக் காடுகளில் தாராளமாகக் காணலாம். உருவில் பெரிதாயிருப்பது பெண். ஆண் அதே வலையின் ஓரத்தில், அரை அங்குலத்திற்கும் குறைவாக, இருப்பது தெரியாமல் இருக்கும். (இதைக் கேட்ட எங்கள் இல்லத்தரசிகள் தமக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டனர், நாங்கள் விசாரிக்கவில்லை.) தொந்தரவு செய்தாலன்றி அது கடிப்பதில்லை, கடித்தாலும் மனிதருக்கு உயிரபாயம் இல்லை. நாள்தோறும் புது வலை பின்னாமல், கிழிந்த பகுதிகளை மட்டும் செப்பனிட்டு நெடுநாள் ஒரே இடத்தில் குடியிருப்பது அதன் வழக்கம். ஆகவே ஒருமுறை வலையின் எல்லையைப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

எல்லாச் சிலந்திகளும் இப்படியல்ல. வட்ட வலை பின்னுவனவற்றில் பல, அந்தி சாய்ந்த பின்னரே வேலை தொடங்கும். விடியலில் வலையைத் தாமே தின்றுவிடும். மாலை ஐந்து மணிக்கு வெறுமையாயிருந்த வழியில் எட்டு மணிக்கு முகத்தில் வலை ஒட்டுவது இதனாலேயே. சிலந்தி முதலில் ஒரு நூலைக் காற்றில் மிதக்கவிட்டு, அது எதிர்மரத்தில் ஒட்டியதும் அதையே பாலமாக்கிக்கொள்கிறது. இரு மரங்களுக்கிடையே நாம் கயிறு கட்டினோமானால் அதன் முதல் வேலையை நாமே முடித்துக் கொடுத்தவர்கள் ஆகிறோம்! எனவே படுக்கைக்குப் போகுமுன் விளக்கொளியில் நாடாக்களை முனை முதல் முனை வரை பார்க்க வேண்டும். வலை இருந்தால் கையால் வீசலாகாது. ஒரு குச்சியால் அதன் தாங்கு நூலைச் சுருட்டி, சிலந்தியோடு அருகிலுள்ள புதரில் விட்டுவிடலாம். பூச்சிமருந்து தெளிப்பதை நாங்கள் விரும்பவில்லை. அது சிலந்தியை விரட்டுகிறதோ இல்லையோ, மூச்சு விடுகிற பிள்ளைகள் அதை உட்கொள்வது நிச்சயம்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. படுக்கையின் தலைமாட்டில் விளக்கைத் தொங்கவிடுவோர் பலர். ஒளிக்குப் பூச்சி வரும். பூச்சிக்குச் சிலந்தி வரும். நாங்கள் விளக்கை இருபது அடிக்கு அப்பால், கிணற்றடியில் வைத்தோம். படுக்கையைச் சுற்றிக் கொசுவலை கட்டி, அதன் விளிம்பு தரையில் புரளாதபடி தூக்கிச் செருகினோம். செருப்புகளைப் பையிலிட்டு மரத்தில் தொங்கவிட்டோம். இது சிலந்திக்காக அன்று, தேளுக்காக. இந்தியச் செந்தேள் கொட்டினால் குழந்தைகளுக்கு உயிராபத்து நேரலாம். உடனே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். மந்திரிப்பதில் நேரம் கழிக்கலாகாது. கட்டுவிரியனும் தரையில் படுத்திருப்போரையே இரவில் தீண்டுகிறது. தரைக்கு மேலே தொங்குவதில் இத்தனை சௌகரியங்கள் இருக்கையில், ஊர்ந்து போகும் சிலந்திக்காகப் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

முதியவர் சொன்ன கொப்புளத்தின் கதை என்ன? அது வெறும் கட்டுக்கதையன்று. பழிதான் இடம் மாறி விழுந்துவிட்டது. செம்மஞ்சளும் கருப்புமான உடலில் நீலப் பளபளப்புள்ள சிறகுறையோடு, எறும்பு போல் மெலிந்த ஒரு சிறு வண்டு உண்டு. மழைக்காலத்திலும் அதையொட்டியும் விளக்கை நாடி வரும். அது கடிப்பதில்லை. ஆனால் கழுத்திலோ கையிலோ ஊரும்போது நாம் அடித்து நசுக்கினால் அதன் உடற்சாறு தோலில் படிகிறது. ஓரிரு நாளில் கோடிழுத்தாற்போல் சிவந்து கொப்புளிக்கிறது. காலையில் எழுந்து பார்ப்பவர் மேற்கூரையில் சிலந்தியைக் கண்டு, அதுவே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார். நம் மொழியிலேயே சிலந்தி என்னும் சொல் பூச்சிக்கும் உடம்பில் எழும் கட்டிக்கும் பொதுவாக வழங்குவதால் இந்த ஐயம் இன்னும் வேரூன்றிவிட்டது போலும். அவ்வண்டை ஊதித் தள்ள வேண்டும். நசுங்கிவிட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

இவற்றையெல்லாம் அம்மூதாட்டியிடம் பொறுமையாக எடுத்துரைத்தோம். அவர் வாதத்தில் தோற்பவர் அல்லர். "நீங்கள் படித்தவர்கள், சொல்கிறீர்கள்" என்றார். எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். முதல் இரவு பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே படுத்தனர்.

மறுநாள் இருட்டியதும் நெற்றியில் கட்டும் சிறு விளக்கை அணிந்துகொண்டு, அலறிய பெண் பிள்ளைகளில் மூத்தவளைப் புல்வெளிக்கு அழைத்துச் சென்றோம். விளக்கு நம் கண் மட்டத்தில் இருந்தால்தான் இது தெரியும்: புல்லின் அடியில் அங்கும் இங்கும் பச்சையாக, பனித்துளி போல், ஒளிப்புள்ளிகள். ஒவ்வொன்றும் ஓர் ஓநாய்ச் சிலந்தியின் கண். அவை வலை பின்னுவதில்லை. தரையில் ஓடி இரை பிடிப்பவை. ஒன்றை நெருங்கிக் குனிந்து பார்த்தபோது அதன் முதுகு முழுவதும் கடுகளவு குஞ்சுகள் அப்பியிருந்தன. அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு, "அம்மா சுமக்கிறாள்!" என்றாள். அரை மணியில் பிள்ளைகள் எல்லோரும் வந்து புள்ளிகளை எண்ணத் தொடங்கிவிட்டனர். நாற்பதுக்கு மேல் கணக்குத் தப்பி, யார் எண்ணியது சரி என்று சண்டை வந்தது.

அந்தச் சண்டையை விலக்கத்தான் பாட்டி எழுந்து வந்தார். வந்தவர், யாரும் கேளாமலே திருவானைக்காவின் கதையைச் சொல்லலானார். நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின்மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி வலையால் விதானம் அமைத்ததும், யானை அதை அழித்ததும், அச்சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை புக முடியாத மாடக் கோயில்களைக் கட்டியதும் ஆகிய அக்கதையை இப்பிள்ளைகள் அதுவரை கேட்டதில்லை. வடக்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இப்படி எத்தனை கதைகள் விட்டுப் போயினவோ! கதை முடிந்ததும் பாட்டி, "கொசுவலையை நன்றாகச் செருகு" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அன்றிரவு பிள்ளைகள் ஐவரும் மரத்தடியில் தொங்கியபடியே உறங்கினர். இருமுறை எழுந்து சுற்றிப் பார்த்தோம். ஒரு நாடாவின் முனையில் சிறிய வட்ட வலை ஒன்று தொடங்கியிருந்தது. குச்சியால் எடுத்துப் புதரில் விட்டோம். வேறு ஒன்றும் நிகழவில்லை.

காலையில் நாடாக்களை அவிழ்க்கும்போது மரப்பட்டையின் இடுக்கிலிருந்து தட்டையான சிலந்தி ஒன்று குறுக்கே ஓடியது. நம் குவார்ட்டர்ஸ் குளியலறைச் சுவரில் கரப்பான்களைப் பிடித்துத் தின்னும் சிலந்தியின் இனத்ததே அது. துணிகளை இருமுறை உதறி, தையல் மடிப்புகளைப் பார்த்த பின்னரே சுருட்டினோம்.

புறப்படுமுன் அந்தப் பெண் பொன் வலையருகே போய் நின்றாள். அடுத்த ஆண்டும் இது இங்கே இருக்குமா என்று கேட்டாள். இராது, அதன் ஆயுள் ஏறத்தாழ ஓர் ஆண்டே. பனிக்காலத்திற்குள் கீழே இறங்கி வந்து, மண்ணில் சிறு குழி தோண்டி முட்டைகளை இட்டு, மண்ணாலும் சருகாலும் மூடிவிடும். எந்த இடத்தில் என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பிபரியா செல்லும் ஜீப் வந்துவிட்டது.