பசுத்தோல்

எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு, தீபாவளிக்குக் கேப்பு வெடித்த தகரத் துப்பாக்கியோடு தீர்ந்துவிட்டது. ஆனாலும் அமெரிக்காவின் சுங்கச் சட்டம் ஒன்றைப் படித்தது முதல் மனம் அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், ஐரோப்பியப் படைகள் கழித்த துப்பாக்கிகள் அந்த நாட்டில் மலிவாக வந்து குவிந்தன. கட்டையை இழைத்து, குழலைக் குறைத்து, மான் வேட்டைக்கு ஆகும் என்று விற்றார்கள். 1958இல் கென்னடி என்ற செனட்டர், தம் மாகாணத்துத் துப்பாக்கித் தொழிலைக் காப்பதற்காக, இந்த இறக்குமதியைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அவர் கேட்ட அளவுக்கு அது சட்டமாகவில்லை.

1963இல், ஜனாதிபதியாகிவிட்ட அவர் உயிரைக் குடித்தது, தபாலில் 21 டாலர் 45 சென்டுக்கு வாங்கிய இத்தாலியப் படைத் துப்பாக்கி!

மார்ட்டின் லூதர் கிங்கும், தம்பி ராபர்ட் கென்னடியும் சாய்ந்த 1968இல்தான் கதவைச் சாத்தினார்கள். 1984இல் சற்றே திறந்தார்கள். 50 வயது கடந்த போர்த் துப்பாக்கி, பழம்பொருள் சேர்ப்பவர்களுக்காக வரலாம்; ஆனால் போருக்குப் போன கோலத்திலேயே வரவேண்டும். வேட்டைக்கென்று இழைத்துத் திருத்தியதற்கு இடமில்லை. புலி புலியாக வரலாம். பசுத்தோல் போர்த்திக்கொண்டு வரக்கூடாது!

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. இழைப்புளி பட்டதும் இரும்பு தன் பிறவியை மறந்துவிடுமா, என்ன?

அந்த மனிதர் பிழைப்பை நினைத்துக் கேட்டார். உயிர் போன பிறகே ஊர் காது கொடுத்தது.