மேருவிலிருந்து பத்துமலைக்கு

கிள்ளானை அடுத்த மேருவிலிருந்து பத்துமலைக்கு இன்று காரில் கிளம்பினால், சாலை நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிள்ளானுக்கு வந்துவிட்டால் ரயிலும் இருக்கிறது. 2010-இல் கொம்யூட்டர் ரயில் பத்துமலை வரைக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் தைப்பூசத்துக்கு நாங்கள் நடந்து போனோம். ஓர் இரவு முழுக்க நடை, பகலில் பிரிக்பீல்ட்ஸில் தங்கல், மறுபடி இரவு நடை. சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகு தை மாதம் பிறந்தாலே அந்த இரண்டு இரவுகளுக்காக மனசு ஏங்குகிறது.

மேரு சாலையின் இரு பக்கமும் ஒரு காலத்தில் தோட்டங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. இன்றைய செத்தியா ஆலாம் எழுந்தது செம்பனை நின்ற நிலத்தில்தான். நாங்கள் குடியிருந்த தோட்ட லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது எங்கள் ஆட்கள் சிதறிப் போனார்கள். சிலர் காப்பாருக்கு, சிலர் கிள்ளானில் அடுக்குமாடிக்கு, சிலர் பூச்சோங், ரவாங் என்று தூரமாக. கல்யாணத்திலும் கருமாதியிலும் பார்த்துக்கொள்வதோடு சரி. தைப்பூசத்துக்கு முன்னால் மட்டும் எல்லாரும் மேருவுக்குத் திரும்பி வந்தார்கள். பழைய மாரியம்மன் கோயிலில் மஞ்சள் வேட்டி கட்டி, தேங்காய் உடைத்து, பொழுது சாய்ந்ததும் கிளம்புவோம். நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, யாரும் சொல்லாமல், லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ரோட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த நண்பன்தான் கடைசி வரை என் இடப்பக்கம் நடப்பான்.

மேரு டவுனில் ஜாவா வம்சாவளி மலாய்க்காரர்கள் அதிகம். பலகாரக் கடை வைத்திருந்த மாக்சிக் ஒருவர் பொரித்த தெம்பேயைக் காகிதப் பையில் போட்டு வைத்திருப்பார். காசு நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். விரதம் என்பதால் எதில் பொரித்தார் என்று எங்களில் யாராவது தயங்குவதற்கு முன்பே, "புது எண்ணெய், கறி தொடாத சட்டி" என்று மலாயில் அவரே சொல்லிவிடுவார். அந்தப் பை கிள்ளான் வரைக்கும் கைமாறிக் கைமாறிப் போகும்.

எங்களை நடத்திக் கூட்டிப் போனவர் லோரி ஓட்டுகிற அண்ணன். வயதில் எல்லாருக்கும் மூத்தவர். "டேய் தம்பி, உக்காராதடா, உக்காந்தா கால் புடிச்சிக்கும்" என்பதுதான் இரவு முழுக்க அவர் வாயில். உட்கார்ந்தவர்களைத் திட்டுவார், திட்டி முடித்ததும் அவர்களுடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கோடாலித் தைலம் தேய்ப்பார். கொப்புளத்தை ஊசியால் குத்திவிடும் தைரியம் அவர் ஒருவருக்குத்தான். குத்தி, தண்ணீரை வடித்து, மேல்தோலைக் கிழிக்காமல் அப்படியே அழுத்தி ஒட்டுத்துணி போடுவார். தோல் கிழிந்தால் நடை முடிந்தது என்பார்.

அவரிடம்தான் நாங்கள் எங்கள் சரித்திரத்தைக் கேட்டோம். பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை. கிள்ளானை நெருங்கும்போது அவர் ஒவ்வொரு முறையும் 1941-ஐப் பற்றிப் பேசுவார். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்றார். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது. தோட்டத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது அது. நாதனைப் பிடித்தார்கள், நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். "இந்த வட்டாரத்து ரோட்டுலதான் நம்ம தாத்தனுங்க எறங்கி நின்னானுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் கொஞ்ச தூரம் பேசாமல் நடப்பார். நாங்களும் பேசமாட்டோம். நடுரோட்டில் தலை நிமிர்ந்து வேல் வேல் என்று கத்திக்கொண்டு போகிற உரிமைக்கு ஒரு விலை இருந்தது என்பதை அங்கேதான் நான் தெரிந்துகொண்டேன்.

கிள்ளானைத் தாண்டினால் கூட்டரசு நெடுஞ்சாலை. கோலாலம்பூர் வரைக்கும் 30 கிலோமீட்டர்தான், ஆனால் எங்கள் நடையில் கஷ்டமான பகுதி அதுதான். மோட்டார் சைக்கிள்களுக்கென்று 1970-களில் போட்ட தனிப் பாதை ஓரமாகவே வரும். நாட்டில் முதன்முதலாக அப்படிப் போட்டது இந்தச் சாலையில்தான். அதன் விளிம்பை ஒட்டி ஒற்றை வரிசையில் நடப்போம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கையில் டார்ச் லைட். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் கடைசியில் வருகிறவர் "மோட்டார்" என்பார். அந்தச் சொல் ஆள் ஆளாக முன்வரிசை வரைக்கும் ஓடும். பாலத்துக்கு அடியில் வளைந்து போகும் இடங்களில் பஜனை எடுப்போம். குரல் எதிரொலித்துப் பத்துப் பேர் நூறு பேராகிவிடுவோம்.

ஷா ஆலாமுக்கு அப்புறம் பேச்சு மாறும். பாதி இரவுக்கு மேல் யாரும் வீம்புக்குப் பேசுவதில்லை. வேலை போனதை ஒருவன் சொல்வான். அப்பாவின் குடியைப் பற்றி ஒருவன் சொல்வான். முகம் தெரியாத இருட்டில், முன்னால் போகிறவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்வதால் சொல்ல முடிந்தது. விடிந்த பிறகு அதைப் பற்றி யாரும் எடுக்கமாட்டார்கள். இப்போது எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. அந்தப் பேச்சு வரவில்லை.

விடிந்து வெயில் ஏறும்போது பிரிக்பீல்ட்ஸ். தெரிந்தவர் வீட்டில் பாய் விரித்து, வாழையிலைச் சாப்பாடு முடித்து, மாலை வரை தூக்கம். இரவானதும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய் ரதத்தோடு சேர்ந்துவிடுவோம். 1873-இல் எழுந்த கோயில் அது. அதைக் கட்டிய குடும்பத்தைச் சேர்ந்த தம்புசாமிப் பிள்ளைதான் பத்துமலையிலும் முருகனை வைத்தவர். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. 1983-இல் வந்த வெள்ளிரதம் 15 கிலோமீட்டரை ராத்திரி முழுக்க மெதுவாக ஊர்ந்து போகும். ஜாலான் ஈப்போ நெடுக்கத் தண்ணீர்ப் பந்தல். மைலோ, மோர், புளிச்சாதம். சீனர் கடைகளின் வாசலிலும் தேங்காய் குவித்து வைத்து, ரதம் வரும்போது உடைப்பார்கள். 2006-க்குப் பிறகு 140 அடி முருகன் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறார். அதற்கு முன்னால் சுண்ணாம்புக் குன்றின் கறுப்பு உருவத்தைத்தான் தேடுவோம். சுங்கை பத்துவில் குளித்து, 272 படி ஏறும்போது கால் தன்னால் ஏறும். சந்நிதியில் நின்ற நேரம் ஒரு நிமிடம் இருக்கலாம். அது போதுமாக இருந்தது.

2021-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. ரதம் மட்டும் கூட்டமில்லாமல் போனது. மறு வருடம் அண்ணனுக்கு முட்டி வலி. நான் எல்லையைத் தாண்டி வந்துவிட்டேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை, வேலைநேரம் என்று ஆளுக்கொரு காரணம். கூட்டம் சேரவே இல்லை.

இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடக்கிறோம். 1968 முதல் இங்கே தைப்பூசத்துக்குப் பொதுவிடுமுறை இல்லை என்பதால் லீவு போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுடைய பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் பால்குடம் எடுக்கிறேன். நாலு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் வருகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது, என்னை அவருக்கும் தெரியாது.

கிள்ளான் பக்கத்திலிருந்து பத்துமலைக்கு நடக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை போகிறேன் என்று சொன்னால், ரயில் இருக்கும்போது எதற்கு இந்த நடை என்று தடுக்காதீர்கள். இருட்டில் மின்னுகிற மேலாடை ஒன்று வாங்கிக் கொடுத்து, வழி தெரிந்த மூத்தவர் ஒருவரோடு அனுப்பி வையுங்கள். மேருவிலிருந்து ஒரு கூட்டம் கிளம்புகிறது என்றால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.