ஊர் பார்த்தல் குற்றமன்று

ஆகஸ்டு நெருங்குகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் புறப்படவிருக்கும் தம்பி தங்கையர் சிலர் உட்பெட்டியில் வந்து வினவுகின்றனர். குக்கர் கொண்டுபோகலாமா, குளிருக்கு எத்தகைய மேலங்கி வாங்கலாம், வாடகைக்கு முன்பணம் எவ்வளவு கேட்பார்கள் என்பனவே பெரும்பாலான வினாக்கள். அந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அது சுற்றுலாப் பயணியின் கேள்வி, மாணவர் கேட்கலாகாது என்றொரு கூச்சம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தைப் பற்றியே இப்பதிவு.

இப்போது ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் நான், இடையில் ஒரு கல்வியாண்டு பிட்ஸ்பர்க்கில் வருகைநிலை ஆய்வாளராகத் தங்கியிருந்தேன். அறைத்தோழி திருவாரூர்ப் பக்கத்தவள். பொறியியலில் முதுகலை பயின்றாள். அலெகேனி, மொனொங்கஹேலா என்னும் இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகும் நகரம் அது. பாலங்கள் மட்டும் நானூற்றுக்கும் மேல். அங்கே ஒன்றரை ஆண்டு வாழ்ந்தும் அவள் ஓர் ஆற்றைக்கூடக் கடந்ததில்லை. அழைத்தபோதெல்லாம் ஒரே விடைதான்: “அக்கா, நான் படிக்க வந்தேனா, பார்க்க வந்தேனா?”

கல்விக்கடனுக்கு ஈடாக வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. எஃப்-1 விசாவில் இருப்பவர் பாடம் நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள் வாரத்திற்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். அந்த வருவாய் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாய்ப் போகும். அவளது கணக்கில் பிழையில்லை. ஆனால், கணக்கினும் பெரிதாய் ஓர் அச்சம் இருந்தது. புலனத்தில் ஒரு படம் போட்டால், “கடன் வாங்கிப் போன பிள்ளை ஊர் சுற்றுகிறது” என்று உறவினர் சொல்வார்கள். 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர் 3,31,602 பேர். அவர்களுள் இந்த ஒரு வாக்கியத்திற்கு அஞ்சி அறைக்குள் இருந்தவர் எத்தனை பேர் என்பதை எந்த அறிக்கையும் எண்ணுவதில்லை.

அவள் கணக்கு காணத் தவறியது ஒன்றுண்டு. அந்நகரில் பார்க்கத் தக்கவற்றுள் பெரும்பகுதிக்கு விலை ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தது. அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களின் மாணவர் அட்டையே பேருந்துச் சீட்டு. அருங்காட்சியகத்துக்கும் அதுவே நுழைவுச்சீட்டு. 1895இல் திறக்கப்பட்ட கார்னெகி நூலகத்தின் வாயிலில் ‘மக்களுக்கு இலவசம்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ‘கதீட்ரல் ஆஃப் லேர்னிங்’ 42 மாடிக் கட்டடம்; அதை எழுப்பப் பள்ளிக் குழந்தைகள் ஆளுக்குப் பத்து சென்ட் கொடுத்தனர். அதனுள் பல்வேறு நாட்டு மரபுகளில் அமைந்த வகுப்பறைகள் உள்ளன. இந்திய அறை நாளந்தாவின் முற்றத்தை நினைந்து கட்டியது. காட்சிப்பொருளாகப் பூட்டி வைக்காமல் அவ்வறைகளுள் பெரும்பாலானவற்றில் இன்றும் பாடம் நடத்துகிறார்கள்.

பார்ப்பது என்றால் வியப்பது மட்டுமன்று. டைனோசர் எலும்புக்கூடுகளைக் கண்டு மகிழ்ந்த அதே வாரத்தில் ஹோம்ஸ்டெட்டுக்கும் போனேன். 1892இல் கார்னெகியின் எஃகு ஆலைத் தொழிலாளர் அங்கேதான் போராடினர். நிறுவனம் அமர்த்திய பிங்கர்ட்டன் காவலர்களோடு நடந்த மோதலில் இருதரப்பிலும் உயிர்கள் போயின. இன்று அவ்விடம் கடைவளாகம். ஓரத்தில் பழைய புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. நூலகத்தின் ‘இலவசம்’ யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பது அங்கே போய் நின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று.

மொழியியல் மாணவிக்கு அந்நகரின் பேருந்தே ஆய்வுக்களம். பொது ஆங்கிலம் முன்னிலையில் ஒருமை, பன்மை வேறுபாட்டை இழந்துவிட்டது. பிட்ஸ்பர்க்கின் பழைய தொழிலாளர் பேச்சு ‘யின்ஸ்’ என்னும் சொல்லால் பன்மையைக் காத்து வைத்திருக்கிறது. ஸ்காட்-ஐரிஷ் குடியேறிகள் கொணர்ந்த ‘யூ ஒன்ஸ்’ என்பதன் மரூஉ அது. இவ்வழக்கைப் பல்லாண்டு ஆராய்ந்த பார்பரா ஜான்ஸ்டோன், ஒரு வட்டாரப் பேச்சு எவ்வாறு சட்டையில் அச்சிட்டு விற்கும் நகர அடையாளமாகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். அந்நூலை நான் இங்கேயே படித்திருந்தேன். சொல்லைக் காதால் கேட்க அங்கே பேருந்தில் ஏற வேண்டியிருந்தது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு அறைத்தோழி இறங்கி வந்தாள். பழனி விஞ்சைப் போலக் கம்பிவடம் இழுக்கும் பெட்டியொன்று 1870 முதல் அங்கே மலையேறுகிறது. அதில் மேலே போகத் திட்டம். பேருந்தில் எதிரிருக்கை மூதாட்டி எங்கள் இருவரையும் பார்த்து, ‘யின்ஸ்’ எங்கே போகிறீர்கள் என்றார். “நம்ம ‘நீங்க’ மாதிரியா அக்கா?” என்று கேட்டாள். இது மரியாதைப் பன்மையன்று, எண்ணுப் பன்மை என்று விளக்கினேன். “அப்போ என்னையும் சேர்த்துத்தான் கேட்டிருக்காங்க” என்றாள். அவ்வூரில் வகுப்பறைக்கும் வேலையிடத்துக்கும் வெளியே ஒருவர் அவளிடம் பேசியது அதுவே முதன்முறையாம்.

மலையுச்சியில் ஆறுகள் கூடுமிடத்தைப் படமெடுத்தாள். பொதுவில் போடவில்லை, அப்பாவுக்கு மட்டும் அனுப்பினாள். அவர் உடனே அழைத்தார். செலவு எவ்வளவு என்று கேட்பாரென்று நடுங்கியவளிடம் அவர் கேட்டது, “இந்த ஆத்துல வருஷம் பூரா தண்ணி ஓடுமாம்மா?” மேட்டூர் திறப்பை எதிர்நோக்கியே வாழ்நாளைக் கழித்த உழவர் அவர். ஓடும், அக்கரையில் கப்பலும் போகும் என்றாள். இன்னும் படம் அனுப்பச் சொன்னார். அதன்பின் ஞாயிறுதோறும் அவள் ஒரு பாலமேனும் கடந்தாள். தேர்வில் மதிப்பெண் குறையவில்லை, கடனும் கூடவில்லை.

புறப்படும் நண்பர்களுக்குச் சொல்ல இவ்வளவே. போன முதல் வாரத்தில் உங்கள் மாணவர் அட்டை எவ்வெவ்வாயில்களைத் திறக்கும் என்று கேட்டறியுங்கள். பொது நூலகத்தில் உறுப்பினராகுங்கள். மாதம் ஒருமுறையேனும் ஏதாவதொரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை சென்று திரும்புங்கள். ஊரிலிருக்கும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் படம் அனுப்பினால் செலவைக் கேட்காதீர்கள். அந்த அப்பாவைப் போல ஆற்றைப் பற்றிக் கேளுங்கள்.